பத்தொன்பது வருடம், ஒரே பக்கம்

ஜூன் 3, திங்கள்

இந்த நோட்டை வாங்கியது நேர்காணலில் கேட்கப்படும் கேள்விகளை எழுதி வைக்க. இரண்டு கேள்வி எழுதியதும் கை நின்றுவிட்டது. இன்று தேதி போட்டு, நடந்ததை எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரருடைய கம்பெனியை மூடிவிட்டார்கள். வேறு மாநிலத்துக்குப் போகிறதாம். பைக்குகளுக்கு கியர் ஷாஃப்ட் செய்கிற தொழிற்சாலை. பத்தொன்பது வருடம் அங்கேதான் இருந்தார், தரச்சோதனைப் பிரிவில். கடைசிப் பதிமூன்று வருடம் சூப்பர்வைசர். வெள்ளிக்கிழமை கடைசி நாள். எல்லோருக்கும் ஒரு சுவர்க் கடிகாரமும் ஒரு ஸ்வீட் பெட்டியும் கொடுத்து அனுப்பினார்கள். அவருக்கு வயது நாற்பத்தேழு.

இன்று காலை ஐந்தரைக்கே எழுந்து குளித்து, சட்டையை இன் பண்ணிக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருந்தார்.

"எங்கங்க கிளம்பிட்டீங்க?"

"திங்கட்கிழமையாச்சே" என்றார். அப்புறம் அவரே எழுந்து போய் லுங்கிக்கு மாறினார்.

இரவு சோற்றுக்குக் கொத்தவரங்காய். அவருக்குப் பிடிக்காது. மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

ஜூன் 5, புதன்

ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நசீமா அக்காவின் ஜெராக்ஸ் கடையில் காலை பத்து முதல் மாலை நாலு வரை டைப் அடிப்பது என் வேலை. ஆறு வருடமாக எத்தனையோ பேருக்கு பயோடேட்டா அடித்திருக்கிறேன். ஒரே மாதிரிதான் இருக்கும். கடின உழைப்பாளி, நேர்மையானவர், குழுவோடு இணைந்து பணியாற்றக்கூடியவர். கடைசியில், மேலே கண்டவை அனைத்தும் உண்மை என்று உறுதியளிக்கிறேன். பெயரையும் படிப்பையும் மாற்றினால் முடிந்தது.

சொந்தப் புருஷனுக்கும் அதே படிவத்தைத் திறந்தேன். ஞானசேகரன், டிப்ளமோ மெக்கானிக்கல். 2005இல் சேர்ந்தார். 2009 எங்கள் கல்யாணம், அதை எழுதத் தேவையில்லை. 2011இல் சூப்பர்வைசர். அதற்குப் பிறகு எழுத ஒன்றுமே இல்லை. கூட வேலை செய்தவர்கள் மேனேஜர் ஆனார்கள். இவர் இருந்த இடத்திலேயே இருந்தார். எதையும் கேட்டு வாங்கத் தெரியாத மனுஷன். எனக்கு இது பழகிப்போன வருத்தம்.

2012, 2013 என்று எண்ணிக்கொண்டு வந்தேன். அடுத்த வருடத்தை எண்ணவில்லை. 2015இலிருந்து தொடர்ந்தேன்.

ஜூன் 8, சனி

பதினான்கு கம்பெனிகளுக்கு அனுப்பியாயிற்று. வீட்டு அலமாரியைச் சுத்தம் செய்தேன். மேல் தட்டு மட்டும் பாக்கி.

ஜூன் 12, புதன்

ஒரு பதிலும் இல்லை.

ஜூன் 14, வெள்ளி

நசீமா அக்கா கணினியை எட்டிப் பார்த்தார். "யாரோட பயோடேட்டா இது?"

"எங்க வீட்டுக்காரரோடதுக்கா."

முழுவதும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "பேரை எடுத்துட்டா எங்க வீட்டுக்காரரோடதுன்னு சொல்லிடலாம் போலிருக்கே. அவரு மீன்கடை வெச்சிருக்காரு."

சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. "மதி, அவரு பத்தொன்பது வருஷமா அங்க என்னதாம்மா செஞ்சாரு?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். எனக்குத் தெரியவில்லை. பத்தொன்பதில் பதினைந்து வருடம் நான்தான் அவருக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

ஜூன் 16, ஞாயிறு

சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கம் நான், எதிர்ப்பக்கம் அவர். "நான் இப்ப கம்பெனிக்காரி. மேடம்னு கூப்பிடணும்" என்றேன்.

"சரி மேடம்."

"உங்களைப் பத்திச் சொல்லுங்க."

"உனக்குத் தெரியாததா?"

"மேடம்."

"உங்களுக்குத் தெரியாததா மேடம்?"

இப்படியே கால் மணி நேரம் போயிற்று. பத்தொன்பது வருஷத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்டால், "வேலைக்குப் போனேன்" என்கிறார். கொஞ்சம் கத்தினேன். மேடம் கத்தக் கூடாது என்றார். காபி போட்டு எடுத்து வந்து வேறு மாதிரி கேட்டேன்.

"நீங்க அங்க இல்லாமப் போயிருந்தா என்ன கெட்டுப் போயிருக்கும்?"

யோசித்தார். காபி பாதி குறையும் வரை யோசித்தார். "திங்கட்கிழமை காலையில வர்ற பீஸெல்லாம் கெட்டுப் போயிருக்கும்" என்றார்.

விஷயம் இதுதான். ஞாயிறு முழுக்க மெஷின்கள் ஓடாமல் சில்லென்று கிடக்கும். ஓசூர்க் குளிர் வேறு. திங்கள் காலை ஓட்டினால் சூடாகும்வரை அளவு தப்பும். முதலில் வரும் ஷாஃப்டுகளில் நாற்பது வரை கழித்துப் போடுவார்கள். எல்லோரும் ஆபரேட்டர்களைத் திட்டினார்கள், ஞாயிறு குடித்துவிட்டு வருகிறார்கள் என்று. இவர் மட்டும் நாலு வாரம் உட்கார்ந்து ஒவ்வொரு பீஸாக அளந்து எழுதியிருக்கிறார். தப்பு ஆட்கள் மேல் இல்லை, குளிரின் மேல் என்று கண்டுபிடித்திருக்கிறார். அதிலிருந்து திங்கட்கிழமைதோறும் ஒரு மணி நேரம் முன்னாலேயே போய், மெஷின்களைச் சும்மா ஓடவிட்டுச் சூடாக்கி வைப்பார். நாற்பது கழிந்த இடத்தில் ஐந்தாகக் குறைந்தது. ஒன்பது வருடம் அப்படிச் செய்திருக்கிறார்.

"இதை மேலதிகாரிங்ககிட்டச் சொன்னீங்களா?"

"பீஸு சரியா வந்தாப் போதாதா?"

திங்கட்கிழமை என்றால் சீக்கிரம் எழுப்பச் சொல்வார். நான் முணுமுணுத்துக்கொண்டே டிபன் கட்டுவேன். ஒரு நாளாவது ஏன் என்று கேட்டிருக்கலாம்.

ஜூன் 17, திங்கள்

பயோடேட்டாவை அழித்துவிட்டுப் புதிதாக அடித்தேன். கடின உழைப்பாளி என்ற சொல்லே இல்லை. திங்கட்கிழமை விஷயம் முதல் வரி. மைக்ரோமீட்டர் பிடிக்கத் தெரியாமல் வந்த அறுபது பேருக்குக் கற்றுக்கொடுத்தது இரண்டாவது. வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து புகாரோடு வந்தவர்களிடம், அவர்களுடைய அளவுக் கருவியே தேய்ந்திருப்பதை எடுத்துக் காட்டியது மூன்றாவது. ஒரே பக்கம். ஒவ்வொரு கம்பெனியும் என்ன செய்கிறது என்று பார்த்து, அதற்குத் தகுந்தபடி நாலு வரிக் கடிதமும் தனித்தனியாக எழுதினேன். ஆறு இடங்களுக்கு மட்டும் அனுப்பினேன்.

அவர் படித்துப் பார்த்தார். "இது நானா?" என்றார்.

ஜூன் 20, வியாழன்

ஒரு கம்பெனியிலிருந்து அழைப்பு! திங்கள் நேர்காணல். பதில்களை நானே எழுதிக் கொடுத்தேன். பதினெட்டுக் கேள்வி. மனப்பாடம் செய்கிறார். குளியலறையிலிருந்து கேட்கிறது.

ஜூன் 24, திங்கள்

வந்தார். நேராக மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியைக் கழுவினார். தொட்டியைப் போன மாதம்தான் கழுவினோம்.

இறங்கி வந்த பிறகு சொன்னார். மூன்றாவது கேள்வி வரை ஒழுங்காகப் போயிற்றாம். நாலாவதாக அவர்கள் கேட்டது பட்டியலில் இல்லை. இவர் பட்டியலில் இருந்த நாலாவது பதிலைச் சொல்லிவிட்டார். "அவங்க ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க மதி."

தப்பு என்னுடையது. என் வார்த்தைகளை அவர் வாயில் வைத்தேன். இரவு அவருக்குப் பிடித்த முருங்கைக்கீரை அடை செய்தேன்.

ஜூன் 27, வியாழன்

மனப்பாடம் கிடையாது என்று முடிவு. தினமும் மாலை ஐந்து மணிக்கு மேசை. அவர் சொன்னதை அவருடைய பேச்சிலேயே குறித்துக்கொள்கிறேன். நீளமாகப் போனால் மேசையைத் தட்டுவேன். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவிக்கிறார். ஒரு பேனாவைக் கொடுத்தேன். பேனா கையில் இருந்தால் படம் போட்டு விளக்குகிறார், பேச்சும் தானாக வருகிறது.

பயோடேட்டா அடிக்கக் கடைக்கு ஒரு பெண் வந்தாள். கார்மெண்ட்ஸில் சும்மா தையல்தான் என்றாள். நசீமா அக்கா என்னைப் பார்த்தார். நான் கேட்டேன். அரை மணி நேரம் கழித்துத் தெரிந்தது, புதிதாக வருகிறவர்களுக்குக் காலர் தைக்கக் கற்றுத்தருவது அவள்தான் என்று.

ஜூலை 4, வியாழன்

இரண்டாவது நேர்காணல். நன்றாகப் பேசியிருக்கிறார். கடைசியில் ஒருவர் கேட்டாராம், "பதிமூன்று வருடமாக ஒரே பதவியா? ஏன் பிரமோஷன் கிடைக்கவில்லை?"

"என்ன சொன்னீங்க?"

"கெடைக்கல சார்னேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

ஜூலை 8, திங்கள்

'உங்கள் விண்ணப்பத்துக்கு நன்றி' என்று மெயில் வந்துவிட்டது.

ஜூலை 9, செவ்வாய்

இன்று மாலை மேசையில் அந்தக் கேள்வியைக் கேட்டேன். பயிற்சிக்காகத்தான் கேட்டேன் என்று எழுதினால் பொய். பல வருடமாக என் தொண்டையில் நிற்கிற கேள்வி அது. ஒவ்வொரு தீபாவளிக்கும் அவருடைய நண்பர்கள் புதுக் காரில் வந்து இறங்கும்போது கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டது.

"ஏன் நீங்க மேல போகல?"

பேனாவைக் கீழே வைத்தார். "இதைக் கேக்கறது மேடமா, நீயா?"

"மேடம்."

"கெடச்சுது மேடம். 2014 டிசம்பர்ல. புனேல புது பிளாண்ட் போட்டாங்க. அசிஸ்டெண்ட் மேனேஜரா வரச் சொன்னாங்க. வேணாம்னு எழுதிக் குடுத்துட்டேன். அதுக்கப்புறம் அவங்க என்னக் கூப்பிடல."

"ஏன்?" என்றேன்.

"அப்பத்தான் நீ கீழ்வீட்டு அக்காவோட மார்க்கெட்டுக்குப் போக ஆரம்பிச்சிருந்தே. நாலு மாசத்துல அதான் மொத தடவை வாசலத் தாண்டினது. ஒரு நாள் திரும்பி வந்து, கத்திரிக்காய்க்காரன் சொத்தையாப் போட்டுட்டான்னு என்கிட்ட அப்படிச் சண்டை போட்டே. நாலு மாசமா நீ சத்தமாப் பேசி நான் கேட்டதே இல்ல. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? மறுநாள் போய் எழுதிக் குடுத்துட்டேன். பாஷை தெரியாத ஊர்ல உன்ன ஒரு வீட்டுல வெச்சுப் பூட்டிட்டு நான் எப்படி வேலைக்குப் போறது?"

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா, உன்னாலதான் போச்சுன்னு நெனச்சுக்குவே. உன்னால இல்ல மதி. எனக்கு அந்தச் சண்டை வேண்டியிருந்துது."

அப்புறம் எழுந்துபோய்ப் பால் பாத்திரத்தைக் கழுவினார்.

ஜூலை 10, புதன்

கடைக்குப் போகவில்லை.

ஜூலை 12, வெள்ளி

எழுதித்தான் பார்ப்போம்.

2014 ஆகஸ்ட் 19. ஏழாம் மாதம். பெண் குழந்தை. மூச்சில்லை. நான் பார்க்கவில்லை. பார்க்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் பார்த்தார். அவர்தான் கையில் வாங்கிக்கொண்டு போனார். எப்படி இருந்தாள் என்று பத்து வருடமாக நான் கேட்கவில்லை. சொன்னால் நான் அழுவேன் என்று பயந்து அவரும் சொல்லவில்லை.

இன்று அலமாரியின் மேல் தட்டைச் சுத்தம் செய்தேன். முன்கூட்டியே வாங்கி வைத்த இரண்டு மஞ்சள் சட்டைகள். துவைத்துக் கொடியில் போட்டேன். மாலையில் அவர் துணி எடுக்க மாடிக்குப் போனவர் வெகுநேரம் வரவில்லை. நானும் போனேன்.

"எப்படி இருந்தா?" என்று கேட்டேன்.

"நெத்தி உன்னோடது" என்றார். "விரல் மட்டும் என்னோடது. நீளம்."

வெயில் இறங்கும்வரை அங்கேயே இருந்தோம்.

ஜூலை 15, திங்கள்

மேசையில் உட்கார்ந்ததும் சொன்னேன். "அடுத்த தடவை அதைக் கேட்டா, இருக்கறதச் சொல்லுங்க."

"உன் விஷயத்தை முன்னப்பின்னத் தெரியாதவங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

"நம்ம விஷயம். எவ்வளவு சொல்லணும்னு நாம முடிவு பண்ணிக்கலாம்."

இரண்டு பேரும் சேர்ந்து வாக்கியம் தேடினோம். குடும்பத்தில் ஓர் இழப்பு. என் மனைவியோடு நான் இருக்க வேண்டியிருந்தது. அதனால் வந்த பதவி உயர்வை வேண்டாமென்றேன். இதுவரை போதும் என்று நான் முடித்தேன். அவர் இன்னொன்றைச் சேர்த்தார்: "இன்னைக்குக் கேட்டாலும் அதையேதான் செய்வேன்."

"அது வேணாங்க. அவங்க தப்பா எடுத்துக்குவாங்க" என்றேன்.

"அது இல்லாம நான் சொல்ல மாட்டேன்."

பதினைந்து வருடத்தில் அவர் பிடிவாதம் பிடித்து நான் பார்த்ததே இல்லை.

ஜூலை 19, வெள்ளி

பாகலூர் ரோட்டில் உள்ள அபார்ட்மெண்ட்டில் வாட்ச்மேன் வேலை இருக்கிறதாம். ஆகஸ்ட் ஒன்று முதல் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். எந்த வேலையும் குறைச்சலில்லை என்றார். இல்லைதான். ஆனால் சொல்லும்போது தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஒரு முடி அளவு வித்தியாசத்தைத் தொட்டே கண்டுபிடிக்கிற விரல்கள்.

ஜூலை 22, திங்கள்

சூளகிரியிலிருந்து போன். வியாழக்கிழமை பதினொரு மணிக்கு. அனுப்பிய ஆறில் இதுதான் கடைசி.

ஜூலை 25, வியாழன்

நானும் கூடப் போனேன். வர வேண்டாம் என்று அவரும் சொல்லவில்லை. நேற்றே சான்றிதழ்களை வரிசையாக அடுக்கி, நகல் இரண்டு செட் எடுத்து வைத்திருந்தேன். அந்தக் கம்பெனி பம்புகளுக்கு உதிரி பாகம் செய்கிறது என்று படித்து, அவர்களைக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றை அவரே தயார் செய்திருந்தார். முக்கால் மணி நேரம் முன்னதாகவே போய்விட்டோம். எதிரில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். காலரைச் சரிசெய்தேன்.

"மேடம், ஏதாவது கடைசிக் கேள்வி?" என்றார்.

"மூச்சு விடுங்க. அவ்வளவுதான்."

பதினொன்றே காலுக்கு உள்ளே கூப்பிட்டார்கள் போலிருக்கிறது. ஒரு மணி ஆகியும் வரவில்லை. டீக்கடைக்காரர் மூன்றாவது டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

ஒன்றரைக்கு வந்தார். சட்டைக் கையில் மை. மூன்று பேர் இருந்தார்களாம். பிளாண்ட் மேனேஜர், ஹெச்ஆர் அம்மா ஒருவர், தலை நரைத்த இன்ஜினியர் ஒருவர். திங்கட்கிழமை விஷயத்தை நரைத்தவர் பிடித்துக்கொண்டாராம். இவர் பேப்பர் வாங்கிப் படம் போட்டிருக்கிறார். அவர் அதன்மேல் இன்னொரு படம் போட, இவர் அதைத் திருத்த, அரை மணி நேரம் அதிலேயே போயிருக்கிறது.

"அந்தக் கேள்வி?"

"அந்த அம்மாதான் கேட்டாங்க. சொன்னேன். பாதியில ஒரு நிமிஷம் மேடம்னு தண்ணி குடிச்சுட்டு மிச்சத்தையும் சொன்னேன்."

"கடைசி வரியும்?"

"அதையுந்தான்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"எழுதிக்கிட்டாங்க."

பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். வாய் லேசாகத் திறந்திருந்தது. கிருஷ்ணகிரி மாங்காய்க்காரம்மா ஒருத்தி பார்த்துச் சிரித்தாள். நான் அசையவில்லை.

ஜூலை 29, திங்கள்

போன் வரவில்லை.

ஜூலை 31, புதன்

நாளை காலை ஆறு மணிக்கு அபார்ட்மெண்ட்டில் நிற்க வேண்டும். நீலச் சட்டை கொடுத்திருக்கிறார்கள். இஸ்திரி போட்டு வைத்தேன். அளவு சரியாக இருக்கிறது.

ஆகஸ்ட் 2, வெள்ளி

கடையில் ஒரு ஆதார் நகல் எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் நீலச் சட்டையோடு வாசலில் நின்றார். வேலை நேரத்தில் எப்படி வந்தார் என்று எனக்குப் பயம். கையிலிருந்த போனை நீட்டினார்.

மெயிலை நான் வாசித்தேன். சீனியர் சூப்பர்வைசர், தரச்சோதனை. ஆகஸ்ட் பன்னிரண்டு திங்கட்கிழமை சேரவும். இரண்டாவது தடவை வாசித்தேன். நசீமா அக்கா போனைப் பிடுங்கி மூன்றாவது தடவை சத்தமாக வாசித்தார். வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள், என்ன ஏது என்று தெரியாமலே.

"சம்பளம் முன்ன விடக் கொஞ்சம் கம்மிதான்" என்றார் அவர், மன்னிப்புக் கேட்கிற மாதிரி.

"வாயை மூடுங்க" என்றேன். பொது இடம். இருந்தும் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அபார்ட்மெண்ட்டில் வேறு ஆள் கிடைக்கும்வரை வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறார். இதையே வேறு யாராவது செய்திருந்தால்தான் ஆச்சரியப்பட்டிருப்பேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

காலையில் டிபன் கட்டும்போது முணுமுணுக்கவில்லை. எலுமிச்சை சாதம், உருளை வறுவல்.

மாலை ஆறரைக்கு வந்தார். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார். புதிதாகச் சேர்ந்தவர்கள் பன்னிரண்டு பேராம். மற்ற எல்லோருக்கும் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது. ஒரு ஹாலில் உட்கார வைத்து, ஒவ்வொருவராக எழுந்து தங்களைப் பற்றிச் சொல்லச் சொன்னார்களாம். ஆளுக்கு இரண்டு நிமிடம்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பேரு, ஊரு அரூர்னு சொன்னேன். அப்புறம் ஷாஃப்டப் பத்தி. சில்லுன்னு இருக்கற மெஷினப் பத்தி. கடைசியில ஒரு பொண்ணு கையத் தூக்கிச் சந்தேகம் கேட்டுது. அதுக்கும் சொன்னேன். மணியப் பாத்தா பத்து நிமிஷம் ஆயிடுச்சு மதி. யாரும் நிறுத்தவே இல்ல."

சட்டை மாற்றவும் மறந்து சமையலறை வாசலில் நின்று பேசிக்கொண்டே இருந்தார். அந்தப் பெண் கேட்ட சந்தேகம், கேண்டீன் சாம்பார், நரைத்த இன்ஜினியரின் பெயர், ஜன்னலுக்கு வெளியே தெரிகிற மலை. கல்லில் என் தோசை ஓரம் கருகிவிட்டது. திருப்பிப் போட்டுவிட்டு, "அப்புறம்?" என்றேன்.